தில்லங்கண்டம்: கிழக்கு எல்லை பென்சிலில்

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே
பஸ் நிற்காத ஒரு திருப்பத்தில்
சைக்கிளை விட்டு இறங்கினால் தில்லங்கண்டம்.
அளவைக் கந்தோர் என்னை அனுப்பியது
ஒரு சங்கிலியோடும்
நாலு பக்கப் படிவத்தோடும்.

மேற்கு எல்லை சுலபம்.
பத்தக்குட்டியின் எருமைகள் எங்கே கிறுகுகின்றனவோ
அங்கே நாடு முடிகிறது.
வடக்கே வாய்க்கால்.
இக்கரையில் அதற்கு ஒரு பெயர், அக்கரையில் வேறு.
இரண்டையும் எழுதச் சொன்னார்கள்; எழுதினேன்.
தெற்கே ஒரு மருதமரம்.
போன வருடம் மரம் விழுந்துவிட்டது,
எல்லை விழவில்லை.

கிழக்கேதான் தொல்லை.
களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு.
மாரியில் வாய் திறக்கும், பங்குனியில் மூடும்,
திறந்த இடத்தில் மறுமுறை திறக்காது.
மை தொட்ட பேனாவோடு
அரை நாள் நின்றேன்.
பேனா காய்ந்தது.

ஆட்சியாளர் பெயர், என்று கேட்டது படிவம்.
வட்டவிதானை கனகசூரியம் தண்ணீரை மட்டும் ஆள்வார்:
எந்தக் கண்டத்துக்கு முதலில், எத்தனை நாழி.
உதுமாலெவ்வைக்குத் தோணித்துறை.
அவருக்குத் துறையில் குரல் இல்லை,
இவருக்கு வயலில்.
இருவருக்கும் மேலே யார் என்றேன்.
நெற்களஞ்சியத்தின் பின்னால் கூட்டிப்போய்
ஒரு மண்வெட்டியைக் காட்டினார்கள்.

எழுதாத சட்டம் அது.
வயலும் வலையும் இல்லாத ஒருவரிடம்
ஒரு மாரிக்கு மண்வெட்டி இருக்கும்.
முகத்துவாரம் வெட்டும் நாளை
அந்த ஆள் சொன்னால்தான் உண்டு.
ஒரு வருடம் தபால்காரர்.
அதற்கு முந்தி பரிசாரி; அவர் அவசரப்பட்டுவிட்டார்.
இன்றைக்கும் அவருடைய கஷாயத்தை
வலைக்காரர் வீடுகளில்
முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிறார்கள்.

நான் போன மாரி
தையல்காரி ஹயாத்தும்மாவின் முறை.
"வயலும் இல்ல, வலையும் இல்ல, எனக்கென்ன தெரியும்?"
"அதுக்குத்தான்."

மார்கழி பதினொன்றில் பிடித்த மழை
ஆறு நாள் விடவில்லை.
குடலைப் பயிர் கழுத்தளவு நீரில் நின்றது.
வயற்காரர் வந்தார்கள்: இன்றைக்கே வெட்டு.
வலைக்காரர் வந்தார்கள்:
இறால் இன்னும் விரல் பருமன் வரவில்லை, நாலு நாள் பொறு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சட்டைக்கு அளவெடுக்கும் நாடாவை
ஒரு கம்பில் ஆணியால் அறைந்து
களப்பில் நட்டாள்.
குடையோடு மணலில் குந்தினாள்.

இரண்டு இரவு.
மணிக்கொருதரம் டோர்ச் வெளிச்சம் நாடாவில் விழுந்து அணையும்.
மண்வெட்டிக்காரியோடு அப்போது யாரும் பேசக்கூடாது.
கனகசூரியம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு
தன் வாயைத் தானே கையால் பொத்தியபடி
திரும்பிப் போனதைப் பார்த்தேன்.
நாற்பது அவணம் விதைத்த மனுசன்.

வெள்ளாப்பில்
முப்பத்திரண்டாம் அங்குலம் நீரில் மறைந்தது.
எழுந்தாள். ஒரு பாதம் அகலம் வெட்டினாள்.
மிச்சத்தைக் களப்பே வெட்டிக்கொண்டது;
மத்தியானத்துக்குள் முப்பது பாகம்.

பயிரில் பாதி பிழைத்தது.
இறாலில் பாதி கடலோடு போயிற்று.
அறுப்புக்குப் பிறகு
ஏக்கருக்கு ஒரு மரைக்கால் நெல் வலைகளுக்கு.
போதாது என்றார் உதுமாலெவ்வை.
கூடிப்போச்சு என்றார் கனகசூரியம்.
ஒரே தோணியில் வீடு போனார்கள்,
ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு.

படிவத்தை நிரப்பினேன்.
சிறைக்கூடம்: ஒன்று, பயிர் மேய்ந்த மாடுகளுக்கு.
ஆட்சியாளர்: மண்வெட்டி. பிடி இருமுறை மாற்றப்பட்டது.
கிழக்கு எல்லையைப் பென்சிலால் வரைந்து அனுப்பினேன்.
மையால் வரைக, என்று கந்தோர் திருப்பி அனுப்பியது.
மையால் வரைந்தேன்.
படம் அச்சாகி வந்த மாதத்தில்
வாய் நாற்பது பாகம் தெற்கே போயிருந்தது.

இப்போது அது கூட்ட மண்டபத்தில்
சட்டம் போட்டுத் தொங்குகிறது.
கண்ணாடியின் மேல், கிழக்கே,
துணியில் கோடிழுக்கும் சாக்கட்டியால்
நீலமாய் ஒரு வளைவு.
பக்கத்தில்
துடைத்த தடங்கள் மூன்று.