பையில் என்ன?

மூன்று மாதம் இந்த அரிசி
எடையாக மட்டுமே இருந்தது.

ஐந்து கிலோ மூட்டை முதுகுப்பையில்.
பதினான்காம் மாடிவரை படி,
மின்தூக்கியில் இறக்கம்,
மறுபடியும் படி.
டிசம்பரில் ரிஞ்சானி ஏறுகிறோம் என்று
ரஃபிடாதான் ஆரம்பித்து வைத்தாள்.
மலையில்லாத ஊரில்
வீவக புளோக்கை விட்டால் வேறு எதில் ஏறுவது?
ஒன்பதாம் மாடியில் தினமும் யாரோ
நெத்திலி பொரிப்பார்கள்.
எனக்குப் பசிக்கும்.
முதுகில் ஐந்து கிலோ சோறு,
வேகாமல்.

சனிக்கிழமை
அதிலிருந்து மூன்று கோப்பை அளந்து
ஜிப் பையில் கட்டிக்கொண்டு
சாங்கி படகுத்துறை.
பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு நகரும்.
பன்னிரண்டாவதாய் ஒருவர்
சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.
அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

உபினில் இறங்கி
மமாம் கடற்கரைக்கு நடை.
பிள்ளைக்குச் சோறு காட்டிக் கூப்பிடுகிற பெயர்
ஒரு கரைக்கு.
கூடாரம் அடிக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது:
மலேசியா உங்களை வரவேற்கிறது.
கடப்பிதழ் வீட்டு அலமாரியில் கிடக்கிறது.
எதிர்க்கரையில் பாசிர் கூடாங்
விளக்கு விளக்காய் ஏற்றிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடுகிறேன்:
அரிசி வேகும்போது நான் பார்த்ததே இல்லை.
பொத்தானை அழுத்துவேன்,
அது ஒருநேரம் 'டக்' என்னும்.
இங்கே டக் என்று சொல்ல
எவரும் இல்லை.

தண்ணீர் முதல் கணுவரை, என்றாள் மெய்யுன்.
ஆமாம், முதல் கணுவரை, என்றாள் ரஃபிடா.
மெய்யுன் விரல் குட்டை,
ரஃபிடா விரல் நெடுசு.
இரண்டு கணுவுக்கும் நடுவில்
ஒரு தம்ளர் தண்ணீர் வித்தியாசம்.
நிறைய ஊற்றி வடித்துவிடலாமே, என்றேன்.
ஆறு லிட்டரையும் சுமந்து வந்தது மெய்யுன்.
"கொட்டவா சுமந்தேன்?"
அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

கடற்காற்று
சுடரை ஒரு பக்கமாகவே தள்ளியது.
பைகளை அடுக்கிச் சுவர் கட்டினோம்.
சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தது காற்று.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
அந்தக் கணக்கு
அலுமினியச் சட்டிக்குச் செல்லாது.
மூன்று சோறு எடுத்து நசுக்கினேன்.
ஒன்று குழைந்தது,
ஒன்று நடுவில் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது,
ஒன்று அரிசியேதான்.
அடியில் கருகும் வாசனை வேறு.

அடுப்பை அணைத்து
அரைத் தம்ளர் தெளித்து மூடியபோது
புதருக்குள் சருகு நொறுங்கியது.
காட்டுப்பன்றி.
பின்னால் நான்கு குட்டிகள்,
வரிவரியாய்.

"அசையாதீங்க," ரஃபிடாவின் மூச்சு மட்டும் சொன்னது.
மெய்யுன் கையில் சட்டி,
காலுறையைச் சுற்றிப் பிடித்தபடி.
தலைவிளக்குகளை அணைத்துவிட்டு நின்றோம்.
பன்றி எங்கள் சுவரை முகர்ந்தது.
ஒரு பிஸ்கட் பொட்டலத்தை
அவசரமே இல்லாமல் தின்றது.
குட்டிகளுக்கு உறை.
தலைக்குமேல் ஒரு விமானம்
சக்கரத்தை விரித்துக்கொண்டு
சாங்கிக்கு இறங்கியது.
அதற்குள் இருப்பவர்களுக்கு
சூடாக ஏதோ கொடுத்திருப்பார்கள்.

கால்மணி நேரம்.
மூடியைத் திறக்க ஒருவருக்கும் துணிவில்லை.

பிறகு திறந்தோம்.
ஆவி முகத்தில் அடித்தது.
மேலே பூவாய், நடுவே பதமாய்,
அடியில் ஒரு விரற்கடை கரி.
இடையில் ஏதோ நடந்திருக்கிறது, எங்களைக் கேட்காமல்.
ரஃபிடாவின் பாட்டிலில் இக்கான் பிலிஸ் சம்பல்.
கரண்டி ஒன்றுதான் கொண்டுவந்திருந்தோம்.
கையால் தின்ன மெய்யுனுக்கு
நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
அவள் இரண்டாம் முறை எடுத்தபோது
எனக்கு இன்னும் முதல் கவளம் சுட்டது.

திங்கட்கிழமை
மீண்டும் படி.
மூட்டை நாலரைக் கிலோ சொச்சம்.
எடை போதாது, ஒரு தண்ணீர் பாட்டில் சேர்,
என்று மெய்யுன் செய்தி அனுப்பினாள்.
சேர்த்தேன்.
இறங்கும்போது பன்னிரண்டாம் மாடிக்காரர்
மின்தூக்கியில் ஏறினார்.
மூன்று மாதமாய்ப் பார்க்கிறார்,
இன்றுதான் கேட்டார், பையில் என்ன என்று.
எடை, என்று சொல்லத்தான் வாய் போனது.
அரிசி, என்றேன்.

கிலோ என்ன விலை, என்றார்.