வாடகை ஏதுமின்றி

மாசம் ரெண்டாயிரம் வாடகை.
விதவைப் பணம் ஆயிரத்து இருநூறு,
உரிமைத் தொகை ஆயிரம்.
கூட்டினால் இருநூறு மிஞ்சுகிறது
காகிதத்தில்.

காகிதத்துக்கு அஞ்சாம் தேதி தெரியாது.
ஹெலன் புளோராவுக்குத் தெரியும்.
அன்றைக்கு ராத்திரி
கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவுவாள் மாடியில்.
ஒன்றும் கேட்கமாட்டாள்.
குழாயை மட்டும் பெலமாகத் திறந்து விடுவாள்.
என் சுவருக்குள் இறங்கிப்போகும்
அந்தத் தண்ணீர்.

அண்டி ஆபீசில் பதினோரு வருசம்.
கொட்டை எண்ணெய் தின்ற பெருவிரலை வைத்தால்
கைரேகைப் பெட்டி சிவப்பாய்ச் சிணுங்கும்.
'வேற விரல் வைங்க அக்கா' என்பான்
பணம் கொண்டுவரும் பையன்.
வைப்பேன். அடுத்தது. அதற்கடுத்தது.
எட்டாவது விரலில்
அரசாங்கம் என்னை நம்பும்.

ஆனி மாசம் நம்பவில்லை.
எட்டும் பத்தும் வைத்தாயிற்று,
கணக்கில் பணமே இல்லை என்றது பெட்டி.
குலசேகரத்துப் பழைய வீட்டில் விசாரித்திருக்கிறார்கள்.
கொழுந்தன் சொல்லியிருக்கிறான்
அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று.
அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை
என் பணத்தை நிறுத்திவிட்டது.

'இப்ப எங்க குடியிருக்கீங்க?'
'கருங்கல் பக்கம், பாலூர்.'
'வாடகைச் சீட்டு கொண்டு வாங்க.'

மாடியேறினேன்.
பாதி பூசின சுவர். தூண் உச்சியில்
துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன
மஸ்கட்டிலிருந்து வரவேண்டிய இன்னொரு மாடிக்காக.
அவன் போன் செய்து ஒன்பது வருசம்.
ஹெலன் புளோரா மீன் அரிந்துகொண்டிருந்தாள்,
அரிவாள் நிற்கவில்லை.

'சீட்டு எழுதினா எனக்க பணம் நின்னு போவும் பிள்ளே.
வாடகை வாங்குறவள
கைவிடப்பட்டவன்னு எவன் எழுதுவான்?'

அப்போதுதான் தெரிந்தது
அவளும் அதே பெட்டியில் விரல் வைக்கிறவள்.
அவளுக்குத் தரை, எனக்குக் கூரை,
நடுவில் அஞ்சு அங்குலம் கான்கிரீட்.

மூன்று மாசம். உரிமைத் தொகையை
வந்த கையோடு கொடுத்துவிட்டு
மீதிக்கு முகத்தைக் கொடுத்தேன்.
காலண்டர் பின்பக்கம்
பென்சிலால் எழுதினாள்: மூவாயிரம்.
கிழங்கு, சம்மந்தி. கிழங்கு, கட்டஞ்சாயா.
ஜெறின் பள்ளிக்கூடத்து முட்டையைச் சொல்லிச் சொல்லித் தின்றான்.

ஒரு திங்கள்கிழமை
கோயில் சேலை உடுத்திக்கொண்டு
கீழே வந்து நின்றாள்.
'வா' என்றாள். எங்கே என்று சொல்லவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் வர மூன்று மணிநேரம்.
அவள் எழுதினாள், எழுத்துக்கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு:
மேற்படியாள் எனக்குத் தூரத்துச் சொந்தம்.
என் வீட்டின் கீழ் அறையில்
வாடகை ஏதுமின்றி வசித்து வருகிறார்.

'நெசமாவே வாடகை வாங்கலியா?'
'அவகிட்ட என்ன இருக்கு சார், வாங்க?'
அவர் என் விரல்களைப் பார்த்தார்.
முத்திரை விழுந்தது.

திரும்பும்போது பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்.
இரண்டு சீட்டு, இரண்டிலும் பூஜ்யம்.
அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால்.
கருங்கல் சந்தையில் இறங்கி
அயிலை விலை கேட்டாள், வாங்கவில்லை.
வழியில் ஒரே ஒரு கேள்வி:
'பணம் என்னைக்குப் போடுவான்?'
'உரிமைத் தொகை பதினஞ்சு. மத்தது
அதுக்கும் பொறவு.'
சொந்தக்காரி ஒன்றும் சொல்லவில்லை.

பணம் திரும்ப வந்தது.
நின்ற மூன்று மாசத்துக்கு
நிலுவை கிடையாதாம்.
காலண்டர் மாறிவிட்டது, பழைய தாளைக் கிழித்துப்
புதியதில் குத்தி வைத்திருக்கிறாள்.
மாசம் நூறு நூறாய் அழிகிறது பென்சில்.

அரசாங்கத்தின் கணக்கில்
நான் வாடகை கொடுப்பதில்லை.
அவள் வாங்குவதில்லை.

இப்போதெல்லாம் மாடிக் குழாய்
பதினேழாம் தேதி ராத்திரிதான்
பெலமாகத் திறக்கிறது.