அறுபத்து நான்கில் ஒன்று

தரமணியில், தரைக்கு அடியில் எங்கள் அறை.
மழை வந்தால் முதலில் இங்குதான் தண்ணீர்.
அதனால் லேசரின் மின்பெட்டி மட்டும்
நாலு செங்கல் உயரத்தில் இருக்கிறது.

இரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை என் முறை.
பகலில் மாடிப்படியில் யாராவது ஓடினாலே
படம் நடுங்கும்.
கறுப்புத் திரையை இழுத்துவிட்டு
ஏசியைப் பதினெட்டில் வைத்து உட்கார்ந்திருப்பேன்,
சென்னையில் ஸ்வெட்டர் போடும் சொற்பப் பேரில் ஒருத்தி.

கண்ணாடித் தகட்டில் ஒரு செல்.
அதற்குள் நீலப் புரதம் ஒன்று, மஞ்சள் புரதம் ஒன்று,
நடுவே ஐந்து நானோமீட்டர்.
ஒரு மயிரிழையின் குறுக்கே
பதினாறாயிரம் தடவை அடங்கும் தூரம்.

நீலத்தைத் தட்டி எழுப்புகிறேன்.
எழுந்தது ஒளிர வேண்டும், அதுதான் வழக்கம்.
நீலம் மங்கிக் கிடக்க
பக்கத்து மஞ்சள் எரிகிறது.

இடையில் ஒளி எதுவும் போகவில்லை.
ஒரு போட்டான்கூட வாசல் தாண்டவில்லை.
சைதாப்பேட்டை சிக்னலில் பேருந்து நிற்கும்போது
இன்ஜின் ஏதோ ஒரு கதியில் உறுமும்;
எல்லா ஜன்னலும் சும்மா இருக்க
மூன்றாவது கண்ணாடி மட்டும் கடகடவென்று ஆடுமே,
அந்த மாதிரி.

நிபந்தனைகள் உண்டு.
இடைவெளி இரட்டித்தால்
கைமாறும் வேகம் அறுபத்து நான்கில் ஒன்று.
திசையும் பார்க்கும்:
ஷேர் ஆட்டோவில் முட்டி இடிக்க உட்கார்ந்தும்
ஆளுக்கொரு பக்கம் பார்த்திருப்பவர்கள் போல்
செங்குத்தாய்த் திரும்பிக்கொண்டால்
ஒட்டியே இருந்தாலும் ஒன்றும் நடக்காது.

எவ்வளவு கொடுத்தாய் என்று
நீலத்தைக் கேட்க முடியாது.
அளப்பதற்கு மஞ்சளைக் கொல்ல வேண்டும்.
பச்சை லேசரை முழு வீச்சில் அதன்மேல் நிறுத்தி
மூன்று நிமிடம். வெளுத்துவிடும், பிறகு எரியாது.
அப்புறம் நீலத்தைப் பார்.
முன்னைவிட எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ
அதுதான் இத்தனை நேரமும்
அது கொடுத்துக்கொண்டிருந்தது.

சரிபார்க்க இன்னொரு தகடு:
பிணைக்காத நீலமும் மஞ்சளும், ஒரே செல்லில் எங்கெங்கோ.
அங்கே மஞ்சள் செத்தாலும் நீலத்துக்குத் தெரியாது.
பூஜ்யம். சில நாள் ஒன்று.

இன்றைக்கு இருபத்தேழு சதவீதம்.
பேனா குளிரில் மறுத்தது,
ஓரத்தில் இரண்டு முறை கிறுக்கிவிட்டு எழுதினேன்.

மூலக்கூறுக்கு மனசு கிடையாது. தெரியும்.

ஹில்டா போய் நாற்பது நாளாகிறது.
வேளச்சேரியில் இரண்டு வருடம்
ஒரே அறை, ஒரே மின்விசிறி.
அவள் தூங்காத இரவுகளில் நானும் தூங்கவில்லை.
அவள் சிரித்த நாட்களும் இருந்தன,
அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி.
அதில் என்னுடையது ஏதாவது இருந்ததா என்று
நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. சிரித்தது அவள்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து
மார்த்தாண்டத்துக்கு அழைத்துப்போனார்.
அவளது பக்கெட் இன்னும் குளியலறையில்.

கேன்டீனில் லோகநாதன் டீயை வைத்துவிட்டு
"மேடம், இப்பல்லாம் முகம் தெளிஞ்சிருக்கு" என்றார்.
வீடியோவில் அம்மா, "கன்னம் போட்டிருக்கு".
கைடுகூட, "இந்த மாசம் நல்லா பண்ணியிருக்கே".
எல்லோருக்கும் சந்தோஷம்.
நான் அந்தக் கூடுதல் வெளிச்சத்தை
யாரோ தந்த ரசீது மாதிரி
எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.

நாலு மணி. லேசர் ஆறப் பத்து நிமிடம்.
உறை போட்டு, படியேறி வெளியே வந்ததும் வியர்த்தது.

முதல் பேருந்தில் மூன்றாவது ஜன்னல்.
டைடல் பார்க் சிக்னலில் வண்டி நிற்க
கண்ணாடி அதிரத் தொடங்கியது.
உள்ளங்கையை வைத்தேன்.
அடங்கியது.
பச்சை விழும்வரை
கையை எடுக்கவில்லை.