உது

நான்கு மீற்றர் அறைக்குள்
ஓர் இறைச்சி ஆலையைக் கட்டியிருக்கிறோம்:
கொக்கிகள், ஓடும் பட்டி, வழுக்கும் தரை,
அவசரத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான்.
இரத்தம் மட்டும் இல்லை.
பாதுகாப்புப் பயிற்சிக்கு அது வேண்டாம் என்றார்கள்.

வெளியே கல்கரியில் பெப்ரவரி.
மலையிலிருந்து இறங்கிய சினூக் காற்று
ஒரு வாரப் பனியை ஒரே மதியத்தில் நக்கித் தீர்த்திருந்தது.
ஹெர்னானி கோட்டைக் கழற்றி
என் நாற்காலி முதுகில் போட்டுவிட்டு
கருவியைத் தலையில் மாட்டினார்.

பதினொரு வருடம் பட்டியில் நின்றவர்.
வலக்கையில் சுட்டுவிரல் இல்லை.
எங்கள் படிவத்தில் அதை எழுதக் கட்டமும் இல்லை.

"கையைப் பாருங்கள்" என்றேன்.

எங்கள் மென்பொருள் தாராளமானது,
கமெரா காணாததை ஊகித்து நிரப்பும்.
அவருக்கும் ஐந்து விரல் கொடுத்திருந்தது.
சாம்பல் நிறம், நகமில்லை,
அந்த ஒன்று மட்டும் சற்றுப் பிந்தி மடங்கியது.

நேரம் குறிக்க மறந்துபோனேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
காசை ஏமாற்றிக்கொண்டு போனவன்
வழிமறித்துச் சுகம் விசாரித்ததைப் போல.
பிறகு கேட்டார்:
"இவனை எடுத்துவிட முடியுமா?"

கிட்ட இருந்தால் தொடு.
தூர இருந்தால் சுட்டுவிரலிலிருந்து நீலக் கதிர் நீளும்.
எங்கள் விதிகள் அவ்வளவுதான்.
"ஆனால் பொத்தான் அப்படி இருக்காதே" என்றார்.
"அடுத்து நிற்பவனின் இடுப்போரம் இருக்கும்.
அழுத்த வேண்டியது அவன்.
நான் அவனுக்குக் காட்டத்தான் வேண்டும்."

எப்படி?

உதட்டைக் குவித்தார்,
நாடியைத் துளி உயர்த்தி அந்தப் பக்கம் நீட்டினார்.
இலோய்லோவில் எல்லோரும் அப்படித்தானாம்,
விரல் இருந்த நாளிலும்.
ஒரு கையில் கத்தி, மறு கையில் கொழுப்பு,
காதில் அடைப்பான்.
வேறு எதால் காட்ட?

கருவிக்கு உதடு தெரியாது.
அதைப் பொறுத்தவரை மனிதன்
மூக்கோடு முடிந்துவிடுகிறான்.

எனக்கு ரொறன்ரோவின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு
சம்பந்தமில்லாமல் ஞாபகம் வந்தது.
அ, இ, உ. சுட்டெழுத்து மூன்று.
அது அங்கே, இது இங்கே,
உது கேட்பவன் பக்கம்.
செத்த சொல் என்பாள் சென்னைச் சினேகிதி.
எங்கள் மேசையில் "உதை எடுங்கோ" என்ற குரலுக்கு
யாருக்கு உதை என்று ஒருமுறை மிரண்டவள்.
எங்களுக்கு அதைச் சொன்னால் இன்றும் உப்பு வரும்.

உதட்டைக் குவிக்காமல்
அந்த எழுத்தைச் சொல்லிப் பாருங்கள்.

டார்ஸி அறிக்கையைப் படித்தான்.
"ஓர் ஆளுக்காகவா?"
ஓர் ஆள்தான், என்றேன். ஒரு விரல்தான்.
நாடியின் சாய்வை அளக்க மூன்று வாரம் போயிற்று.
முதலில், தும்மியவர்களெல்லாம் ஆலையை நிறுத்தினார்கள்.
நிரலில் அந்த மாறிக்கு
உது என்று பெயரிட்டேன்.
யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஏப்ரலில் மறுபடி வந்தார்.
நான்கு சாம்பல் விரல்கள்.
உதடு குவிந்தது, நாடி அசைந்தது,
பக்கத்து உருவம் குனிந்து பொத்தானை அழுத்த
பட்டி நின்றது.
ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம்
ஓடாத பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இது வெளியீட்டுக்குப் போகுமா, தெரியாது.
பட்ஜெட் கூட்டம் வியாழக்கிழமை.

கருவியைக் கழற்றியவர்
என் பக்கம் உதட்டை நீட்டினார்.
திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் கோட்டு.
"உதுவா?" என்றேன், தமிழில், யோசிக்காமல்.
தலையாட்டினார்.