கொங்காடை கணக்கில் வருமா

பன்னிரண்டு பேர் கூடிப் போட்ட விதி:
வாரத்துக்கு ஒரு பொருள். இந்த வாரம் தொப்பி.
முகம் கூடாது.
புகைப்படத்தை அடியில் வைத்து மேலே கோடிழுக்கக் கூடாது.
புள்ளியும் வளைவும் மட்டும்.
ஞாயிறு சாயங்காலம் ராயபுரத்தில்
சென்னியப்பனின் எக்ஸ்போசிங் அறையில்
மஞ்சள் விளக்கை அணைத்துச் சுவரில் பார்ப்போம்.
பரிசு தேங்காய் பன். தோற்றாலும் உண்டு.

திங்களன்று மளமளவென்று வந்தது.
ஒரு வட்டம், பாதியை வெட்டு, விளிம்பை இழு,
கிரிக்கெட் தொப்பி.
செவ்வாய், சமையல்காரர் தொப்பி;
மேகம் வரைகிற அதே சோம்பேறித்தனம்.
புதன், போலீஸ்.
வியாழன் ஒன்றுமில்லை.
போலந்துக்குப் போகும் குழந்தை பனியனுக்கு
டைனோசரை ஆறு கலராகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.
அதன் தலையிலும் பையர் ஒரு தொப்பி கேட்டிருந்தார்.
அது சேர்த்தியில்லை,
கூலிக்கு வரைந்தது.

வளைவைப் பற்றி ஒன்று.
ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு கைப்பிடி.
இதை அழுத்தினால் அது எழும்பும்,
ஏற்றப்பலகையின் இரு முனையிலும்
குண்டும் ஒல்லியுமாய்ப் பிள்ளைகள் உட்கார்ந்தாற்போல.
நிறையப் புள்ளி வைக்கிறவர் பயந்தவர்.
என் போலீஸ் தொப்பியில் நூற்றுப் பதினான்கு.
நவநீதா பதினொன்றில் முடித்துவிடுவாள்.

வெள்ளி ராத்திரி மழை.
தூத்துக்குடி வண்டி பின்பக்கம் திறந்து நின்றது.
பெட்டி நனையக் கூடாது, தார்ப்பாய் இருக்கிறது.
ஆள் நனையலாம்.
கங்காதர் பேக்கிங் மேசையடியில் கிடந்த
கிழிந்த பாலிபேக் ஒன்றைத் தலையில் மாட்டினான்.
"ஏனுங் தம்பி, கொங்காடையா?"
டிரைவர் கேட்டது அவனுக்கு விளங்கவில்லை.
அவரே ஒரு சாக்கை எடுத்து
ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் குத்திவிட்டுக்
கூம்பாக்கிக் கவிழ்த்துக் காட்டினார்.
இருவரும் பெட்டி தூக்கினார்கள்.
ஜன்னலில் நான். பின்னால் டைனோசர்
நாற்பத்திரண்டு சதவீதம் சேமிக்கப்பட்டிருந்தது.

கொங்காடை ஏழு புள்ளியில் முடிந்தது,
வாழ்நாளில் முதல் முறை.
பாலிபேக்தான் படுத்தியது.
முகம் வரையாமல்
முகம் தெரிகிற தொப்பியை எப்படி வரைய?
ஒளிபுகும் அளவை இருபதில் வைத்தால் பை காணோம்.
நாற்பதில் வைத்தால் பால் பாக்கெட்.
விடிய இரண்டு மணிக்கு எல்லாக் கோட்டையும் அழித்தேன்.
பையில் அச்சிட்டிருக்குமே, அந்த எழுத்து மட்டும் மிச்சம்:
இது விளையாட்டுச் சாமான் அல்ல.
மூச்சு முட்டும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.
ஐந்து மொழி. தமிழ் இல்லை, ஒடியாவும் இல்லை.
வரிகளை ஒவ்வொன்றாக வளைத்தேன்.
எழுத்து வளைந்த இடத்தில்
ஒரு நெற்றி வந்து நின்றது.

ஞாயிறு, சண்டை.
"சாக்கெல்லாம் தொப்பியாயிருமா?" என்றார் சென்னியப்பன்.
"போன தடவை ஹெல்மெட்டை விட்டீங்கல்ல?" மௌலீஸ்வரன்.
அரைமணி நேரம் போனது.
நவநீதா ஒன்றும் பேசாமல்
என் எச்சரிக்கையின் புள்ளிகளை எண்ணிப் பார்த்தாள்.
மூவாயிரத்துச் சொச்சம்.
"பயந்துக்கிட்டே வரைஞ்சியா?" என்றாள்.
யாரோ பெரிதாக்கினார்கள்,
சுவர் முழுக்க ஒரே ஒரு எழுத்தின் வயிறு.
விளிம்பு கொஞ்சமும் உடையவில்லை.
பன் மட்டும் ஒன்று குறைந்தது.

திங்கள் காலை கங்காதரிடம் போனில் காட்டினேன்.
தள்ளிப் பிடித்தான், கிட்டே பிடித்தான்.
தன்னைத் தேடுகிறான் என்று நினைத்தேன்.
"அக்கா, இங்கே கிழிஞ்சது," என்றான்,
இடது காதுக்கு மேலே விரல் வைத்து.
"தண்ணி இங்கேதான் போச்சு."

போட்டி முடிந்த கோப்பை மறுபடி திறந்தேன்.
பக்கத்தில் டைனோசர் பிலிமுக்குக் காத்திருந்தது.
மூன்றாம் வரியில் ஒரு புள்ளியைப் பிடித்து
வெட்டினேன்.
வரி விலகிக்கொண்டது.
இன்னும் கொஞ்சம் விலக்க வேண்டும்,
விரல் நுழைகிற அளவுக்கு.