துருவித் துருவி

அலுமினியக் கட்டை நானூற்றுப் பதினாறு.
நுழைந்தது. வெளிவந்தது.
திரையில் கோடு ஏறி, இறங்கி
பழைய தரைக்கே வந்து படுத்தது.
பூஜ்ஜியம் என்று எழுதுகிறேன்.

சூரிச்சில் இரவு மூன்றேகால்.
மேலே பத்தாம் எண் டிராம் ஓய்ந்து
இரண்டரை மணி நேரம் ஆகிறது.
அது ஓடும்வரை இந்த நிலவறையில் வேலை நடக்காது,
கம்பி மின்சாரத்துக்கெல்லாம் கருவி சிலிர்த்துக்கொள்ளும்.

கட்டைகள் ஜெனீவாவிலிருந்து வந்தவை.
நூறு மீட்டர் ஆழத்தில்
புரோட்டானும் புரோட்டானும் மோதும் இடத்தருகே
ஓராண்டு சும்மா கிடந்தவை.
சும்மா கிடப்பதுதான் அவற்றின் உத்தியோகம்.
வடக்கு மட்டுமாகவோ தெற்கு மட்டுமாகவோ
ஏதாவது ஒன்று அந்த மோதலில் பிறந்து அலைந்தால்
அலுமினியத்தின் அணுக்கரு அதை
மடியில் முடிந்துகொள்ளுமாம்.

காந்தத்தை இரண்டாக உடை.
இரண்டுக்கும் இரு முனை.
நாற்பதாக்கு, பொடியாக்கு,
பொடிக்கும் வடக்கு உண்டு, தெற்கு உண்டு.
எந்தப் பங்காளியாலும் பாகம் பிரிக்க முடியாத சொத்து.

ஆனாலும் கணக்கு சொல்கிறது:
பிரபஞ்சத்தின் ஏதோ ஒரு மூலையில்
ஒற்றைத் துருவம் ஒன்றே ஒன்று இருந்தால் போதும்,
மின்னூட்டம் ஏன் எங்கும் முழுக்காசாகவே புழங்குகிறது,
அரைக்காசு காற்காசு ஏன் இல்லை
என்பதற்கு விடை கிடைத்துவிடும்.
வழக்கு முடிய ஒரு சாட்சி போதும்.
சாட்சிதான் வரவில்லை.

முயற்கொம்பு என்று சிரிப்பான்
விண்டர்தூரில் இருக்கும் என் தம்பி முகுந்தன்.
சரியடா, கொம்பில்லை என்று எழுதித்தர
எத்தனை முயலைப் பார்க்க வேண்டும், சொல்.
நான் நானூற்றுப் பதினாறு பார்த்தாயிற்று.

நானூற்றுப் பதினேழு.
நுழைந்தது. வெளிவந்தது.
கோடு ஏறியது.
இறங்கவில்லை.

சாதாரணக் காந்தம் வளையத்தைக் கடந்தால்
வடக்கு கொடுத்ததைத் தெற்கு பறித்துக்கொண்டு போய்விடும்.
ஒற்றை அப்படியல்ல.
ஹீலியக் குளிரில் தடையற்றுக் கிடக்கும் வளையத்தில்
அது போன பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும்
அது போன சேதி.

இரண்டாம் ஆள் வராமல் எதையும் தொடக்கூடாது.
விதி.
ரெகுலா ஏஷ்லிமான் சைக்கிளில் வந்துசேரப்
பதினெட்டு நிமிடம்.
பதினெட்டு நிமிடம் இந்த உலகத்தில்
அது இருந்தது.
எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.
கை கழுவினேன், ஏனென்று தெரியவில்லை.

உள்வெளியாய் மாட்டிய ஸ்வெட்டரோடு வந்தாள்.
அளந்தோம். பூஜ்ஜியம்.
கட்டையைத் திருப்பிப் போட்டு அளந்தோம். பூஜ்ஜியம்.
இருபத்திரண்டு முறை.

பிறகு அவள் என் கழுத்தைப் பார்த்தாள்.
சங்கிலி தங்கம், நிரபராதி.
சேலை கட்டாத நாளிலும்
அதில் கோத்துக் கிடக்கும் ஊக்கு
எஃகு.
கட்டையை வைக்கக் குனிந்திருப்பேன்.

“அதுவாக இருக்கலாம்” என்றாள்.
“இல்லாமலும் இருக்கலாம்” என்றேன்.
நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
நிற்கிறவள் இல்லை நான்.
ஆனால் ‘இருக்கலாம்’ என்பதை எழுத
பதிவேட்டில் கட்டம் இல்லை.

காப்பி ஆறும் நேரத்தில் கேட்டாள்,
உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?
துருவம்.
துருவு என்றால் தேங்காய்க்கும் ஆகும்.
துருவித் துருவிக் கேட்டால் விடாமல் கேட்பது.
துரு, இரும்பைத் தின்பது.
எல்லாம் ஒரே வேரா என்றாள்.
இல்லை என்பார்கள் பண்டிதர்கள்.
எனக்கு இந்த நேரத்தில் ஒரே வேர்தான்.

ஊக்கைக் கழற்றி
நானூற்றுப் பதினேழுக்கு எதிரே
டேப் போட்டு ஒட்டினேன்.
ரெகுலா ஒன்றும் சொல்லவில்லை,
மூலையில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து மணிக்கு முதல் டிராம் தரையை உலுக்கும்.
அதற்குள் இன்னும் ஒன்றுக்கு நேரம் இருக்கிறது.

நானூற்றுப் பதினெட்டு.
நுழைகிறது.