புதன்கிழமைக் கட்டம்

செக்காலை ரோடு ஜிம்மில்
ஆறு வருடமாக ஒரே நோட்டு.
திங்கள் ஸ்குவாட், செவ்வாய் பெஞ்ச்,
வியாழன் டெட்லிஃப்ட்.
எண்பது கிலோவில் நின்றுபோனது கம்பி,
சிக்னல் விழாத ரயில் மாதிரி.

எண்பதைத் தூக்குகிறேன்.
செருப்பு வாரை மாட்டக் குனிந்தால்
தொடை நரம்பு கத்துகிறது.
"இரும்புக்கு மட்டுந்தான் நீ வளைவியா?"
பக்கத்து ரேக்கிலிருந்து கேட்டாள் அழகம்மை.
எல்.ஐ.சி.யில் வேலை,
என்னைவிடப் பத்து கிலோ கூடத் தூக்குகிறவள்.

சனிக்கிழமை இப்போது கம்பியைத் தொடுவதில்லை.
சிமெண்ட் சாக்கில் மணல்,
பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு
மாடிப்படியில் மூன்று நடை.
எதிர்வீட்டு நாய்க்கு இன்னும் பழகவில்லை.

காலியாய்க் கிடந்த புதனில்
ஆத்தங்குடித் தரையின் சில்லிப்பில்
முன்னால் மடிகிறேன்.
விரலுக்கும் கல்லுக்கும் நடுவே
ஆடியில் ஒரு சாண்.
ஐப்பசி மழைக்குள் நாலு விரல்.

அப்புறம் மரம்.
கல்லில் பூத்த மஞ்சள் பூவின்மேல்
ஒற்றைப் பாதம்.
அசைவில்லாமல் நிற்பதற்கா
இத்தனை வியர்வை!

நோட்டில் 'எடை' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் தயங்கியது.
ஐம்பத்தொன்பது, என் எடை.
தடவை: நாலு.
மூன்றில் விழுந்தேன்.